கோடு கிழித்த உலோகமும் ஒளியின் நடையும்

ஆரணிக்கு நான் போனது ஒரு மாசி மாதத்துக் காலையில். பட்டு நெசவுக்குப் பேர்போனதும், தன் பட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்றதுமான அந்த ஊரில், தெருவுக்குத் தெரு தறியோசை கேட்டுக்கொண்டே நடந்து, தெரிந்தவர் ஒருவர் அழைத்துச் சென்ற வீட்டின் கூடத்தில் நுழைந்தபோது, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்த பெரியவர் நாடாவை நிறுத்திவிட்டு, “வாங்க சார், உக்காருங்க” என்று சொல்லித் தறியில் விரிந்து கிடந்த முந்தானையைக் காட்டினார். அரக்குச் சிவப்புப் பட்டின் மேல் ஜரிகை வரிகளும், அவற்றின் நடுவே மாங்காய்ப் புட்டாக்களும் இருந்தன. ஜன்னல் வழியே விழுந்த வெளிச்சத்தில் வரிகள் கண்ணைப் பறிக்கும்படி பிரகாசிக்க, புட்டாக்கள் மட்டும் பழம்பொன்போல் மங்கித் தெரிந்தன. நான் இரண்டடி நகர்ந்து நின்று பார்த்தபோதோ, வரிகள் மங்கிப் புட்டாக்கள் ஒளிர்ந்தன. இரண்டு தினுசு ஜரிகை போட்டிருக்கிறாரோ என்று எண்ணி, “புட்டாவுக்கு வேற ஜரிகைங்களா பெரியவரே?” என்று கேட்டேன். “ஜரிகை ஒண்ணுதாங்க. அட்டைதான் வேற” என்று சொல்லி, தலைக்கு மேலே ஜக்கார்டுப் பெட்டியில் கோத்துத் தொங்கிய துளையிட்ட அட்டைகளை விரலால் சுட்டிவிட்டு, மறுபடியும் நாடாவை ஓட்டலானார்.

எந்தப் பாவிழை மேலே எழ வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்று கட்டளையிடுவன அந்த அட்டைத் துளைகளே. ஜரிகை பல பாவிழைகளைத் தாண்டி நீளமாகக் கிடந்த இடத்தில் வெளிச்சம் கண்ணாடியில் பட்டதுபோல் ஒரே திசையில் திரும்பியது. இழைக்கு இழை மேலும் கீழுமாகப் புகுந்து வந்த இடத்தில் பல திசைகளில் சிதறியது. உலோகம் ஒன்றே, அதை அடுக்கிய ஒழுங்கு மாறியதால் ஒளியின் போக்கும் மாறிவிட்டது. அந்தப் பெரியவர் இரண்டு சொற்றொடரில் சொன்ன இந்த உண்மைதான், இன்று உலகத்தின் பெரிய ஆராய்ச்சிசாலைகளில், அவர் நினைத்தும் பார்த்திராத தூரத்துக்குக் கொண்டு செல்லப்பட்டிருக்கிறது. ஓர் உலோகப் பரப்பின் மேல் மிக நுட்பமான கோடுகளைக் கிழித்து, அந்தக் கோடுகளின் ஆழத்தையும் இடைவெளியையும் மட்டும் மாற்றி, அப்பரப்பின் மேல் செல்லும் ஒளியலையை நிதானமாக நடக்கவைக்கவும், தயங்கவைக்கவும், ஏறக்குறைய நிறுத்திவைக்கவும் முடியும் என்று கண்டிருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

வெற்றிடத்தில் ஒளியின் வேகம் வினாடிக்கு 29,97,92,458 மீட்டர். இது இயற்கையின் மாறாத அளவுகளில் ஒன்று. 1983ஆம் வருஷம் முதல் மீட்டர் என்ற அளவையே இந்த எண்ணைக் கொண்டுதான் வரையறுத்திருக்கிறார்கள். ஆனால் இந்த வேகம் வெற்றிடத்துக்கு உரியது. தண்ணீருக்குள் புகுந்த ஒளி ஏறக்குறைய முக்கால் வேகத்திலும், கண்ணாடிக்குள் மூன்றில் இரண்டு பங்கு வேகத்திலும், வைரத்துக்குள் ஐந்தில் இரண்டு பங்கு வேகத்திலும் செல்கிறது. இங்கெல்லாம் வேகத்தைத் தீர்மானிப்பது பொருளின் சுபாவம். வைரத்தைத் தண்ணீராக்க நம்மால் இயலாது. ஆகையால் இயற்கை கொடுத்த வேகங்களோடு நாம் திருப்தி அடைய வேண்டியிருந்தது. கோடு கிழித்த உலோகத்தின் விசேஷம் என்னவென்றால், பொருளை மாற்றாமலேயே, அதன் மேல் இடும் வரியினால் மட்டுமே வேகத்தை நம் இஷ்டப்படி அமைத்துக்கொள்ளலாம் என்பதுதான்.

வேகம் என்று சொல்லும்போது அலைகளுக்கு இரண்டு வேகங்கள் உண்டு என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பெரிய ஏரி ஒன்றில் ஒரு பாறாங்கல்லைப் போட்டுவிட்டு, பரவி வரும் அலைக் கூட்டத்தை ஆர அமர உற்றுப் பார்த்தவர்களுக்கு ஓர் ஆச்சரியம் புலப்பட்டிருக்கும். தனித்தனி அலைகள் கூட்டத்தின் பின்புறத்தில் தோன்றி, கூட்டத்தின் ஊடே முன்னேறி, முன்புறத்தை அடைந்ததும் மறைந்துபோகின்றன. கூட்டமோ அவற்றைவிட மெதுவாக, ஆழமான நீரில் சரிபாதி வேகத்தில், நகர்ந்துகொண்டிருக்கிறது. ஒளிக்கும் இப்படியே அலைமுகட்டின் வேகம் வேறு, அலைக்கூட்டத்தின் வேகம் வேறு. செய்தியும் சக்தியும் பயணம் செய்வது கூட்டத்தின் வேகத்தில்தான். ஒளியைத் தாமதப்படுத்தினோம் என்று விஞ்ஞானிகள் சொல்லும்போது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேகத்தையே குறிக்கிறார்கள்.

இந்த விஷயத்தின் கதை 1902ஆம் வருஷத்தில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. ராபர்ட் வுட் என்ற பௌதிக சாஸ்திரி, நெருக்கமாகக் கோடு கிழித்த உலோகத் தகடு ஒன்றின் மேல் ஒளியைச் செலுத்தி, அது விரிக்கும் வானவில்லைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த வண்ணப் பட்டையின் நடுவே, இருக்கவே காரணமில்லாத இடத்தில், ஒளி திடீரென்று மங்கிப்போயிருந்ததைக் கண்டார். நிறம் மிகச் சிறிதளவு மாறியதும் பிரகாசம் இருளாகியது. அந்த ஒளி எங்கே போயிற்று? அவருக்கு விளங்கவில்லை, விளங்கவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதியும் வைத்தார். 1907இல் ராலே பிரபு ஒரு பகுதியை விளக்கினார். 1941இல் இத்தாலியரான ஊகோ ஃபானோ, காணாமல்போன ஒளி உலோகத்தின் மேற்பரப்பிலேயே ஓர் அலையாக ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் ஓடிவிடுகிறது என்று காட்டினார். உலோகத்துக்குள் சுதந்திரமாகத் திரியும் எலெக்ட்ரான்கள் ஒளியின் தாளத்துக்கு இசைந்து ஆட, அந்த ஆட்டமும் ஒளியும் கைகோத்துக்கொண்டு மேற்பரப்பின் மேல் செல்வதே இந்த அலை. மேற்பரப்பு பிளாஸ்மான் என்று இதற்குப் பெயர். தனி ஒளியைவிட இது சற்று மெதுவாகவே செல்லும். ஏனென்றால் எலெக்ட்ரான்களின் சுமையையும் அது கூடவே இழுத்துக்கொண்டு போகவேண்டியிருக்கிறது.

ஆனால் இதில் ஒரு குறை இருந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குத்தான் வெள்ளியும் தங்கமும் இப்படி இசைந்து கொடுக்கும். ராடாரிலும் செல்பேசியிலும் பயன்படும் நீண்ட மைக்ரோவேவ் அலைகளுக்கு அதே உலோகம் எதற்கும் அசைந்துகொடுக்காத சுவராக நின்றுவிடுகிறது. அதன் வழவழப்பான பரப்பின் மேல் அந்த அலைகள் ஒட்டிக்கொள்வதே இல்லை என்று சொல்லிவிடலாம். இந்தத் தடையை 2004இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ஜான் பெண்ட்ரியும், ஸ்பெயினைச் சேர்ந்த மார்ட்டின் மொரேனோ, கார்சியா விடால் ஆகிய இருவரும் கணித முறையில் தாண்டிக் காட்டினார்கள். அசைந்துகொடுக்காத உலோகத்தில் அலைநீளத்தைவிடச் சிறிய துளைகளை ஒழுங்காக இட்டால், அது ஒட்டுமொத்தமாகப் பார்க்கும்போது அசைந்துகொடுக்கும் உலோகம்போலவே நடந்துகொள்ளும் என்பது அவர்களுடைய சித்தாந்தம். மறுவருஷமே இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தார் பித்தளைக் குழாய்களை அடுக்கிச் செய்த பரப்பில் அதை மெய்ப்பித்தார்கள். எலெக்ட்ரான் செய்யாத வேலையைத் துளை செய்தது. ஜரிகை ஒண்ணுதாங்க, அட்டைதான் வேற.

துளையோ பள்ளக்கோடோ எப்படி அலையைத் தாமதப்படுத்துகிறது? நம் ஊர் உற்சவங்களில் சுவாமி வீதியுலா வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். பல்லக்குத் தூக்குகிறவர்கள் நடக்கும்போது வேகமாகத்தான் நடக்கிறார்கள். ஆனால் வீதியில் மண்டகப்படிக்கு மண்டகப்படி சுவாமி உள்ளே எழுந்தருளி, தீபாராதனை கண்டு, வெளியே வந்து, அடுத்த மண்டகப்படிக்குப் புறப்பட வேண்டியிருக்கிறது. ஆகையால் கால்மணியில் சுற்றி முடிக்கக்கூடிய நான்கு வீதிகளைச் சுற்ற ஓர் இரவு முழுவதும் ஆகிவிடுகிறது. உலோகத்தில் வெட்டிய ஒவ்வொரு பள்ளமும் அலைக்கு ஒரு மண்டகப்படி. அலையின் ஒரு பகுதி பள்ளத்துக்குள் இறங்கி, அடியைத் தொட்டு, மேலே ஏறி வந்து, தொடர்ந்து செல்கிறது. பள்ளம் ஆழமாக ஆழமாக உள்ளே தங்கும் நேரம் கூடுகிறது, ஊர்வலம் மெதுவாகிறது. பள்ளத்தின் ஆழம் அலைநீளத்தில் சரியாகக் கால் பங்காக அமைந்துவிட்டாலோ, உள்ளே போய் வரும் அலையும் மேலே செல்லும் அலையும் ஒன்றோடொன்று பிணைந்து, அலைக்கூட்டம் முன்னே நகரவே முடியாமல் நின்றுவிடுகிறது.

இதை எண்களில் பார்த்தால்தான் இதன் அழகு தெரியும். அலைநீளம் 30 மில்லிமீட்டர் உள்ள ஒரு மைக்ரோவேவை, அதாவது 10 ஜிகாஹெர்ட்ஸ் அலையை, எடுத்துக்கொள்வோம். அரை மில்லிமீட்டர் பள்ளமும் அரை மில்லிமீட்டர் மேடுமாக மாறி மாறி வரும்படி ஓர் அலுமினியத் தகடு செய்து, உலோகத்தில் வீணாகும் சக்தியைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், பள்ளத்தின் ஆழம் 5 மில்லிமீட்டராக இருக்கும்போது அலைமுகடு வெற்றிடத்து வேகத்தில் முக்கால் பங்கு வேகத்தில் செல்லும். அலைக்கூட்டமோ வெற்றிடத்து வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதலாகச் செல்லும். ஆழத்தை 6 மில்லிமீட்டராக்கினால் கூட்டத்தின் வேகம் ஏழில் ஒரு பங்காகிறது. 7 மில்லிமீட்டராக்கினால் எழுபதில் ஒரு பங்கு. 7.5 மில்லிமீட்டரில், அதாவது அலைநீளத்தின் கால் பங்கில், கணக்குப்படி அது நின்றே போகிறது. கை நகத்தின் அகலம்கூட இல்லாத இரண்டு மில்லிமீட்டர் ஆழ வித்தியாசத்தில், மூன்றில் ஒரு பங்கு வேகம் எழுபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அலுமினியம் அதே அலுமினியம்.

மெதுவாகச் செல்லும் அலைக்கு வேறொரு குணமும் உண்டு. பிரயோகத்துக்கு இதுவே மிகவும் முக்கியம் என்று நான் கருதுகிறேன். அலைமுகடு மெதுவாகச் செல்லும்போது அதன் அலைநீளம் சுருங்குகிறது. 30 மில்லிமீட்டர் எட்டு வைத்து நடந்த அலை, 6 மில்லிமீட்டர் ஆழப் பள்ளங்களின் மேல் 16 மில்லிமீட்டர் எட்டு வைக்கிறது. வெட்டவெளியில் அந்த அதிர்வெண்ணுள்ள அலைகள் எல்லாம் 30 மில்லிமீட்டர் எட்டு வைப்பவை; ஆகையால் இந்தச் சிற்றடி அலை அவற்றோடு சேர்ந்து வெளியே பறந்துபோக முடியாமல் உலோகப் பரப்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு மெதுவோ அவ்வளவு ஒட்டுதல். பரப்பு வளைந்தால் அலையும் வளைந்து செல்லும். வேகத்தைக் கட்டுப்படுத்துகிறவன் அதனாலேயே பாதையையும் கட்டுப்படுத்துகிறவன் ஆகிறான்.

இனி, எல்லாப் பள்ளங்களையும் ஒரே ஆழத்தில் வெட்டாமல், ஒரு முனையில் ஆழம் குறைவாகத் தொடங்கி மறுமுனை வரையில் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால் என்ன நடக்கும்? ஒவ்வொரு நிறத்துக்கும் அலைநீளம் வேறு; ஆகையால் ஒவ்வொன்றையும் நிறுத்தும் ஆழமும் வேறு. அலைநீளம் குறைந்த ஊதாவும் நீலமும் முதலில் நிற்கும். பச்சை அவற்றைத் தாண்டிப் போய் நிற்கும். சிவப்பு கடைசி வரை போகும். வானவில் ஒன்றைப் பிடித்துத் தகட்டின் மேல் பரப்பிவைத்தது போலாகிவிடும். வேறு விதமான அமைப்பு ஒன்றில் இப்படி வானவில்லைச் சிறைப்பிடிக்கலாம் என்று 2007இல் இங்கிலாந்தில் ஆர்ட்வின் ஹெஸ்ஸும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். 2008இல் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் கியாவ்கியாங் கானும் ஃபில்பர்ட் பார்டோலியும் அவர்களுடைய குழுவினரும் அதை ஆழம் மாறும் உலோகப் பள்ளங்களுக்குக் கணக்கிட்டுக் காட்டி, 2011இல் கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கொண்டே, வெள்ளிப் படலத்தில் வெட்டிய நுண்பள்ளங்களின் மேல், வெவ்வேறு நிறங்கள் வெவ்வேறு இடங்களில் தங்குவதைப் பரிசோதனையில் கண்டார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிறம் படிப்படியாக மாறும்படி நெய்த சேலைகளைப் பார்த்திருக்கிறவர்கள் இந்தக் காட்சியை மனத்தில் வரைந்துகொள்வது எளிது.

சிறைப்பிடித்தல், நிறுத்துதல் என்றெல்லாம் சொல்லும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். உண்மையில் ஒளி அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பதில்லை. வேகம் குறைந்து தயங்கிய ஒளியில் ஒரு பகுதி வந்த வழியே திரும்புகிறது. மற்றொரு பகுதி உலோகத்தில் உறிஞ்சப்பட்டுச் சூடாகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் மேற்பரப்பு அலை, வெள்ளியின் மேலும் தங்கத்தின் மேலும் ஒரு மில்லிமீட்டர்கூடச் செல்வதற்குள் தேய்ந்து மறைந்துவிடும். தயங்கவைக்கத் தயங்கவைக்க உலோகத்தோடு அதன் சகவாசம் நீண்டு, இழப்பும் கூடிக்கொண்டே போகிறது. ஒளியைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவைத்து வேண்டும்போது எடுக்கலாம் என்ற வாக்குறுதிகளைப் பத்திரிகைகளில் படிக்கும்போது இந்த இழப்பை மறந்துவிடக்கூடாது. ஆனால் தயங்கும் நேரத்தில் ஒளி அந்த இடத்தில் செறிந்து நிற்கிறது என்பது மெய்; அங்கே ஒட்டியிருக்கும் மிக நுண்ணிய பொருளைக்கூட அது உணர்ந்து காட்டிவிடும். ரத்தத்திலும் மருந்திலும் உள்ள மூலக்கூறுகளை அறிய மேற்பரப்பு அலையைப் பயன்படுத்தும் கருவிகள் பல வருஷங்களாக நடைமுறையில் இருந்து வருகின்றன.

இந்தத் துறை முழுவதும் மேல்நாட்டாருக்கே உரியது என்று எண்ண வேண்டாம். 1890களில் கல்கத்தா பிரசிடென்ஸி கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ், சில மில்லிமீட்டர் அலைநீளமுள்ள மின்காந்த அலைகளை உண்டாக்கி, ஒளியைக்கொண்டு செய்யும் சோதனைகளை எல்லாம் அவற்றைக்கொண்டு செய்து பார்த்தார். அவருடைய உபகரணங்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ரயில்வே அட்டவணைப் புத்தகம் ஒன்றின் தாள்களுக்கு நடுவே உலோகத் தகடுகளைச் செருகி, அலையின் அதிர்வுத் திசையை வடிகட்டும் கருவியாக அதை ஆக்கிக்கொண்டார். சணலை முறுக்கிக் கட்டுகளாக வைத்து, அவற்றின் ஊடே அலையைச் செலுத்தி, முறுக்கு வலமானால் அதிர்வுத் தளம் ஒரு பக்கமும் இடமானால் மறுபக்கமும் திரும்புவதைக் கண்டு, 1898இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். முறுக்கிய நாரின் ஒழுங்கு அலையை ஆளும் என்று நூற்றிருபது வருஷங்களுக்கு முன்பே நம் நாட்டில், நம் நாட்டுச் சணலைக்கொண்டு, நிரூபித்தாகிவிட்டது.

நம் நீலகிரியிலும் இதற்கு உறவான ஒன்று இருக்கிறது. உதகமண்டலத்துக்கு அருகே முத்தொரையில் கோவிந்த் ஸ்வரூப்பின் முயற்சியால் 1970இல் எழுந்த வானொலித் தொலைநோக்கியின் பிரதிபலிப்புப் பரப்பு, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ளது. ஆனால் அது தகடே அல்ல. பாவு கட்டினாற்போல இணையாக ஓடும் 1,100 எஃகுக் கம்பிகள்தாம். ஏறக்குறைய 92 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள அலைக்குக் கம்பிகளின் நடுவே உள்ள சந்துகள் தெரிவதில்லை. அதற்கு அது முழுத்தகடு. தன் அலைநீளத்தைவிட மிகச் சிறிய வேலைப்பாட்டை அலை தனித்தனியாகப் பார்ப்பதில்லை, அதன் மொத்த விளைவை மட்டுமே உணர்கிறது என்ற இந்த விதிதான் மேலே சொன்ன பள்ளங்களுக்கும் அடிப்படை. இந்தத் தொலைநோக்கியை அமைத்த டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் மும்பைக் கூடத்தில் வேணுகோபால் ஆச்சண்டா முதலானோர் ஜெர்மானிய, ருஷ்ய விஞ்ஞானிகளோடு சேர்ந்து, காந்தப் படலம் ஒன்றின் மேல் நுண்சந்துகள் இட்ட தங்கப் பரப்பை வைத்து, 2011இல் ஓர் அரிய முடிவை வெளியிட்டார்கள். காந்தப் புலத்தின் திசையை மாற்றினால் அந்தத் தங்கப் பரப்பின் மேல் செல்லும் அலையின் வேகமும் சிறிது மாறுகிறது. அதனால் ஊடுருவி வரும் ஒளியின் அளவே மாறிவிடுகிறது. வெட்டிவைத்த பள்ளம் மாறாதது. அதன் மேல் செல்லும் அலையின் நடையைத் தொடாமலே மாற்றும் வழி இது.

மறுபடியும் ஆரணிக்கு வருகிறேன். அன்று அந்தப் பெரியவர் வீட்டுப் பெண்மணி, கண்டிலிருந்து ஜரிகையில் ஒரு முழம் பிரித்து என் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். நடுவே சிவப்புப் பட்டு நூல். அதன் மேல், தட்டித் தட்டையாக்கிய மெல்லிய வெள்ளிக் கம்பி, கொடி சுற்றினாற்போல் இடைவிடாமல் சுற்றியிருந்தது. அந்த வெள்ளியின் மேல் தங்க முலாம். நல்ல ஜரிகையின் அமைப்பே அதுதான். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது செயற்கைக் கோள்களில் இருக்கும் முன்னோடும் அலைக்குழாய். இரண்டாம் உலக யுத்தத்தின்போது இங்கிலாந்தில், கட்டடக் கலை பயின்று பின்பு பொறியியலுக்கு வந்த ருடால்ஃப் காம்ஃப்னர் என்பவர் கண்டுபிடித்தது அது. அதில் மைக்ரோவேவ் ஒரு சுருள் கம்பியின் மேல் ஓடுகிறது. கம்பியோடு அது ஒளியின் வேகத்திலேயே சுற்றிச் சுற்றி ஓடினாலும், நேர்கோட்டில் பார்த்தால் அதன் முன்னேற்றம் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அந்த நடைக்கு ஈடாகச் சுருளின் நடுவே பாயும் எலெக்ட்ரான்கள் அலையோடு சேர்ந்தே நடந்து, தங்கள் சக்தியை அதற்குக் கொடுத்து அதைப் பலமாக்குகின்றன. பிலானியிலுள்ள மத்திய மின்னணுப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய குழாய்களை நம் நாட்டிலேயே உருவாக்கும் பணியில் ஈடுபட்டு வந்திருக்கிறது. சுற்றின் நெருக்கமே வேகத்தைத் தீர்மானிக்கும் சுருள் கம்பி அங்கே. நூலின் மேல் நெருக்கிச் சுற்றிய வெள்ளிச் சுருள் இங்கே.

சேலையின் ஜரிகை கண்ணுக்குத் தெரியும் ஒளியின் வேகத்தை ஆளுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. பச்சை ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. பட்டிழையோ, ஒரு மில்லிமீட்டருக்குள் சில இழைகள் அடங்கும் பருமன் உடையது. அந்த ஒளிக்கு ஜரிகை இழை ஒரு மலைத்தொடர். ஆனால் மைக்ரோவேவுக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் இடையில் டெராஹெர்ட்ஸ் என்ற அலைக் குடும்பம் ஒன்று உண்டு. அதன் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியது. தறி எந்த அளவில் வேலை செய்கிறதோ அந்த அளவிலேயே இந்த அலைகள் வாழ்கின்றன. அவற்றைவிட நீண்ட அலைகளுக்கோ, துணியில் இட்ட உலோகப் பூவேலை போதும்.

போதும் என்பது என் ஊகம் அல்ல. 2019இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹோவும் அவருடைய குழுவினரும் மின்சாரம் கடத்தும் துணியைச் சீப்பின் பற்கள்போல் வெட்டி, சாதாரணச் சட்டையின் மேல் பட்டைகளாக ஒட்டினார்கள். அந்தப் பற்கள்தாம் நாம் பார்த்த பள்ளங்கள். உடம்பில் அணிந்த கருவிகள் புளூடூத் முறையில் பேசிக்கொள்ளும்போது அலைகள் நாலாபுறமும் சிதறி வீணாகாமல், அந்தப் பட்டையின் மேல் நடை தளர்ந்து, துணியை ஒட்டியபடியே செல்கின்றன. ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குப் போய்ச் சேரும் சக்தி ஆயிரம் மடங்குக்கு மேல் கூடியதாக அவர்கள் அளந்து சொன்னார்கள். துணி மடங்கினாலும் வளைந்தாலும் அலை அதை விட்டுப் போகவில்லை. நோயாளியின் மார்பில் ஒட்டிய கருவி, கம்பி இல்லாமலும் மின்கலத்தை வீணாக்காமலும் இதயத் துடிப்பைத் தெரிவிக்க இது வழிசெய்கிறது. இந்தச் செய்தியைப் படித்த அன்று, நூறு வித பேட்டும் முந்தானையும் ஜரிகையால் நெய்யத் தெரிந்த ஓர் ஊரின் பெயர் அதில் எங்கும் இல்லையே என்று எனக்கு வருத்தமாகவே இருந்தது. அந்தச் சட்டையில் வெட்டி ஒட்டியதை நம் நெசவாளர் துணியோடு துணியாக நெய்தே தந்துவிடுவார். எந்த இழை எங்கே தாவ வேண்டும் என்று அட்டை அடித்துக் கொடுப்பதுதான் பாக்கி.

ஆகையால் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஆரணியிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 10 ஜிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் பெஞ்சு மின்னணுத் துறையின் ஆய்வுக்கூடங்களுக்குப் புதியதல்ல. அரை மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டைப் பட்டைகளாக வெட்டி, உயரமானது ஒன்றும் அதைவிட 5 மில்லிமீட்டர் குட்டையானது ஒன்றுமாக மாற்றி மாற்றி அடுக்கி இறுகக் கட்டுங்கள். அதன் ஒரு முனையில் அலையைச் செலுத்தி, மறுமுனையில் ஒரு தகட்டை நிறுத்தி அலையைத் திருப்பி அனுப்புங்கள். பரப்பின் மேல் ஒரு சிறு உணர்கம்பியை நகர்த்திக்கொண்டே போனால் அலை அடங்கும் இடங்கள் வரிசையாகத் தென்படும். வெட்டவெளியில் அப்படிப்பட்ட இரண்டு இடங்களுக்கு நடுவே 15 மில்லிமீட்டர் இருக்கும். உங்கள் அடுக்கின் மேல் ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் இருக்கும். குட்டைப் பட்டையை இன்னும் ஒரு மில்லிமீட்டர் குறைத்து அடுக்கினால் 8 மில்லிமீட்டர் ஆகிவிடும். அளப்பதற்குப் பள்ளிக்கூட அடிக்கோலே போதும். அதைச் செய்து பார்த்த பிறகு, அந்த அடுக்கையும் எடுத்துக்கொண்டு ஒரு தறிக்காரர் வீட்டுக்குப் போய், இதையே ஜரிகையில் நெய்ய முடியுமா என்று அவரிடம் கேளுங்கள்.